டீசல் மெதுவாக இறங்கி மேலே தெறிக்கிறதா? காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள்

பாய்மரப் படகில் டீசல் நிரப்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நாசில் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது, திடீரென்று எதிர்த்துத் தெறிக்கிறது, காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதே அவஸ்தையை இரண்டு வருடம் பட்டவன் நான். நீங்களும் என்னைப் போலப் பழைய படகு வாங்கியவராகத்தான் இருப்பீர்கள். "நாசிலைப் பிடிக்கத் தெரியவில்லை" என்று பம்ப்பில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கோளாறு உங்கள் கையில் இல்லை, பெரும்பாலும் வென்ட் குழாயில், அதாவது டேங்கிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் இருக்கும்.

பாட்டிலின் வாயில் புனலை இறுக்கமாக வைத்து எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். புனலை ஒரு நூலளவு தூக்கினால் சரசரவென்று இறங்கும். உள்ளே இருந்த காற்றுக்கு வழி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். டேங்கிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் டீசல் உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். அதற்காகவே டேங்கின் மேல்பகுதியிலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி, படகின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியே திறக்கிறது. அது அடைபட்டால் காற்று, டீசல் இறங்குகிற பெரிய குழாய் வழியாகவே எதிரே ஏறி வரும். வரும்போது டீசலையும் நுரையாக அள்ளிக்கொண்டு வரும். நாசிலின் நுனியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். நுரை அதை மூடினாலே டேங்க் நிறைந்துவிட்டதென்று நாசில் நின்றுவிடும்.

என்னுடையது 32 அடிப் படகு, 120 லிட்டர் டேங்க். நிரப்பும் குழாய் 38 மி.மீ., வென்ட் 16 மி.மீ. அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டீசல் போடப் போகிற நாளன்று காலையிலிருந்தே எனக்கு மனசு சரியிருக்காது. நாசிலை வைத்து அழுத்தினால் முதல் பத்து லிட்டர் ஒழுங்காக இறங்கும். அப்புறம் குழாய்க்குள் "குளுக்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடியே வெளிறிய நுரையோடு டீசல் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி, சட்டைக் கையை நனைத்து, வெள்ளைத் தளத்தில் மஞ்சளாக ஓடும். பின்னால் இரண்டு படகுகள் காத்துக்கொண்டிருக்கும். துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே நாற்பது நிமிடம் நிற்பேன். தலைமுடியில் ஏறிய டீசல் நாற்றம் இரண்டு நாள் போகாது.

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நிரப்பும் குழாய் பழசாகி உள்தோல் உரிந்திருக்கும் என்று சொல்லி முழுக் குழாயையும் மாற்றினார். அப்படி நடப்பதுண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கழற்றிய பழைய குழாயை நான் வெட்டிப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று புதுசு போல இருந்தது. வென்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எஞ்சின்தான் நல்லா ஓடுதே சார். வென்ட் அடைச்சிருந்தா டேங்க்ல வெற்றிடமாகி எஞ்சின் நின்னிருக்கும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் பட்டது. மறுபேச்சுப் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன். தெறிப்பு அப்படியே இருந்தது.

அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று புரிய எனக்கு மாதக்கணக்கானது. இவ்வளவு நீளமாக எழுதுவதே இதைச் சொல்லத்தான். என் எஞ்சின் மணிக்கு 2 அல்லது 3 லிட்டர் குடிக்கும். அதற்கு ஈடாக ஒரு மணி நேரத்தில் அந்த 3 லிட்டர் காற்று டேங்குக்குள் போனால் போதும், ஊசித்துளை அளவு வழி இருந்தால்கூட நடந்துவிடும். ஆனால் பம்ப்பில் டீசல் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் வேகத்தில் வருகிறது. அதே வேகத்தில் காற்றும் வெளியேற வேண்டும். கணக்குப் போட்டால் எஞ்சினுக்குத் தேவைப்படுவதைப் போலக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. முக்கால்வாசி அடைத்த வென்ட்டை வைத்துக்கொண்டு எஞ்சின் வருடக்கணக்கில் ஓடும். டீசல் நிரப்பத்தான் முடியாது. ஆகவே எஞ்சின் ஓடுகிறது என்பதை வென்ட்டுக்கு நற்சான்றாக யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

எனக்குச் சரியான வழியைக் காட்டியவர் பக்கத்துப் படகுக்காரரான ஒரு பெரியவர். ஒருநாள் நான் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாசிலை விடுங்க. காத்து எங்க போகுதுன்னு பாருங்க" என்றார். டீசல் இறங்கும்போது புறங்கையை ஈரமாக்கி வென்ட் வாயருகே பிடிக்கச் சொன்னார். நல்ல வென்ட் என்றால் சீராகக் காற்று வந்து கை சில்லென்று இருக்கும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எப்போதாவது ஒருமுறை இளைப்புக்காரர் மூச்சு விடுவது போல ஒரு சீறல் மட்டும் வந்தது.

அன்றைக்கே வெளிமூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த கம்பி வலையின் மேல் விரல் நுனி அளவுக்கு மண் கெட்டித்துப் போயிருந்தது. குளவிக் கூடு. இந்த வகைக் குளவி ஈர மண்ணைக் கொண்டு வந்து துளைக்குள் அறை கட்டி, குஞ்சுக்குத் தீனியாகச் சிலந்திகளைக் கொட்டி மயக்கி உள்ளே வைத்து மூடும். நான் சுரண்டியபோது காய்ந்த சிலந்திக் கால்கள்தான் முதலில் உதிர்ந்தன. வென்ட் வாய் அதற்கு மிகவும் வாகான அளவு. படகு நாலு வாரம் சும்மா நின்றாலே போதும், வந்து கட்டிவிடும்.

மண்ணை எடுத்ததும் பாதி குணம். நாசில் நின்று நின்று போவது குறைந்தது, ஆனால் தெறிப்பு நிற்கவில்லை. இங்கேதான் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். வென்ட் குழாயை இரண்டு முனையிலும் கழற்றி, ரப்பர்ப் படகுக்குக் காற்றடிக்கும் கால்பம்ப்பால் ஊதிப் பார்த்தேன். பொடபொடவென்று தண்ணீருக்குள் ஊதுகிற சத்தம். பின்பக்க லாக்கரின் உள்பலகையைக் கழற்றி டார்ச் அடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முன்பு படகை வைத்திருந்தவர் ஆட்டோபைலட் மோட்டார் பொருத்தும்போது, இடைஞ்சலாக இருந்த வென்ட் குழாயை அதன் அடியில் தள்ளிவிட்டிருக்கிறார். குழாய் ஒரு அடி ஆழத்துக்கு ஊஞ்சல் போலத் தொய்ந்து தொங்கியது. படகு சாயும்போது டேங்கிலிருந்து ஏறிய டீசல் அந்தப் பள்ளத்தில் தேங்கிவிட்டது. கவிழ்த்தபோது அரை டம்ளர் வந்தது, கறுத்துப் போய். காற்று வெளியேற அந்த டீசலை முட்டித் தள்ள வேண்டும். அது தள்ளும்வரை டேங்குக்குள் அழுத்தம் சேரும். சேர்ந்த அழுத்தம் எந்த வழி சுலபமோ அந்த வழியாக வெடித்து வரும், அதாவது என் முகத்துக்கு நேராக.

குழாயில் ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டு, டேங்கிலிருந்து கிளம்பியதும் எங்கேயும் கீழே இறங்காமல் மேல்நோக்கியே போகும்படி கிளாம்ப் போட்டுக் கட்டினேன். தளத்துக்கு அடியில் உயரமாக ஒரு வளைவு கொடுத்து, அங்கிருந்து வெளிவாய்க்கு இறக்கினேன். உச்சியில் இருக்கும் அந்த வளைவு தேவை, கடல் தண்ணீர் உள்ளே வராமல் அதுதான் தடுக்கும். கீழே தொங்கும் வளைவுதான் கூடாது. நிரப்பும் குழாய்க்கும் அப்படியே. அதில் எங்கேயாவது தொய்வு இருந்தாலும் இதே தொல்லை வரும்.

எந்தக் குழாயில் கோளாறு என்று சந்தேகமாக இருந்தால், டேங்க் பக்கத்தில் வென்ட் குழாயைக் கழற்றி, அந்தத் துளையில் தற்காலிகமாக ஒரு துண்டுக் குழாயைச் செங்குத்தாக மாட்டி, ஒருவர் அதன் அருகில் துணியோடு நிற்க, இன்னொருவர் பத்து லிட்டர் நிதானமாக ஊற்றிப் பாருங்கள். ஒழுங்காக இறங்கினால் குற்றம் வென்ட் குழாயில். அப்போதும் தெறித்தால் நிரப்பும் குழாயைப் பாருங்கள்.

நான் எஞ்சினியர் இல்லை. ஒரே படகின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் வைத்தியம் சொல்கிறான் என்று யாராவது சொல்லக்கூடும், சொல்லட்டும். இரண்டு விஷயத்தில் மட்டும் நான் உறுதி. குழாயைக் கழற்றாமல் கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள், டேங்க் உப்பி வெல்டிங் விட்டுவிடும். மேலே சொன்ன சோதனைகளெல்லாம் டீசலுக்கு மட்டும்தான். பெட்ரோல் படகாக இருந்தால் அந்தக் கம்பி வலை தீ உள்ளே பாயாமல் காக்கிற பாகம். அதைப் பிடுங்கிப் போடாதீர்கள், டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு சோதனையும் செய்யாதீர்கள், அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும்.

சரி செய்கிறவரை, நாசிலை அரைகுறையாக அழுத்துங்கள், டீசல் குழாயின் சுவரை ஒட்டி வழியும்படி சாய்த்துப் பிடியுங்கள், நுழைவாயைச் சுற்றி எண்ணெய் உறிஞ்சும் துணி கட்டுங்கள். வாய்வரை நிரப்பவும் வேண்டாம். 100 லிட்டர் டீசல் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.8 லிட்டர் பெருகும். வெயிலில் அது வென்ட் வழியாகக் கடலுக்குத்தான் போகும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீசல் தண்ணீரில் சிந்தி வானவில் படலம் பரவியதும், ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. சோப்பு டீசலை அழிப்பதில்லை, துளித்துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போவதால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மேலே மிதந்தவரைக்கும் உறிஞ்சும் துணியை விரித்து எடுத்திருக்கலாம். இறங்கிய பிறகு அது மீனுக்குள்தான் போகும். என் கண் முன்னே ஒருவர் அரை பாட்டில் ஊற்றிவிட்டு "இப்ப பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்றார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது என் படகில் 100 லிட்டர் ஐந்தே நிமிடத்தில் இறங்குகிறது. வென்ட் வாயில் காற்று ஒரே சீராக இரைகிறது, டேங்க் நிறைய நிறைய அந்த இரைச்சலின் சுருதி ஏறும். அதைக் கேட்டே எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்கிறேன். படகு கொஞ்ச நாள் நின்றிருந்தால், பம்ப்புக்குப் போகும் முன் வெளிமூடியைக் கழற்றி ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிடுவேன். போன மாதம்கூட ஒரு சிட்டிகை ஈர மண் வந்தது, அன்று காலையில் கட்டியதாக இருக்க வேண்டும்.