விசாரணைக் கைதிகளும் ஜாமீனும்: பயிற்சி தருவோருக்கான கேள்வி-பதில்

சட்டத் தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தப் போகிறோம். அடிப்படை உரிமைகளில் தொடங்கலாமா?

வேண்டாம், அதை எல்லோரும் கேட்டாயிற்று. பெயர்களை மறைத்துப் பத்து ரிமாண்ட் உத்தரவுகளை (கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் போடும் உத்தரவு) நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். "குற்றப்பத்திரிகை வராவிட்டால் எந்தத் தேதியில் ஜாமீன் உரிமை பிறக்கும்?" என்று எழுதச் சொல்லுங்கள். வக்கீல்கள் ஸ்டாட்யூட்டரி பெயில் என்று சொல்வது இதைத்தான். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் வந்த சட்டம்) 187(3)-இல் இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60.

பிழை பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். ஒன்று, கைதான நாளிலிருந்து எண்ணுவது. நடுவர் ரிமாண்ட் செய்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். இரண்டு, அந்த முதல் நாளை விட்டுவிடுவது. அதையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் முடித்துவிட்டது. மார்ச் 3-இல் ரிமாண்ட் என்றால் மே 1 அறுபதாவது நாள், மே 2 காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். மூன்று, முதல் தகவல் அறிக்கையில் இருந்த பிரிவையே பிடித்துக்கொண்டிருப்பது. கொடுங்காய வழக்கில் அடிபட்டவர் பிறகு இறந்துபோனால் போலீஸ் ஆல்டரேஷன் ரிப்போர்ட் போட்டுக் கொலைப் பிரிவுக்கு மாற்றும். 60 அங்கே 90 ஆகிவிடும். கோப்பின் கடைசித் தாள் வரை புரட்டிய பிறகே தேதியை எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

மே 2-க்குப் பதில் மே 5-இல் மனு போட்டால் என்ன? உரிமை எங்கே போய்விடும்?

போய்விடும். மே 4-இல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால், அதுவரை கேட்கப்படாத உரிமை முடிந்தது. அதற்கு முன்பே மனு போட்டு, தகுந்த பிணை கொடுக்கத் தயார் என்றும் சொல்லிவிட்டால், பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதை அழிக்காது. சென்னையிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எழுத்து மனு தயாராகவில்லை என்றால் வாய்மொழியாகக் கேட்டாலும் போதும். இந்த ஜாமீனுக்கு "இவ்வளவு பணம் கட்டு" என்று நிபந்தனை போட முடியாது. எட்டு லட்சம் கட்டச் சொன்ன உத்தரவு, தமிழ்நாட்டு வழக்கான சரவணன் வழக்கில் அதே ஆண்டு ரத்தானது.

கிளைச் சிறையில் பணி செய்கிறேன். குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் காவலிலேயே கழித்தவர்களுக்கு அவர்களுடைய வக்கீல்தானே மனு போட வேண்டும்?

உங்கள் கண்காணிப்பாளர் போட வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 479(3) அந்தப் பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் மேல் வைக்கிறது. காலம் முடிந்த உடனே நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் போக வேண்டும்.

கணக்கு இது. குடியிருக்கும் வீட்டில் திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு, அதாவது 84 மாதம். இதற்கு முன் தண்டனையே பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கான 28 மாதம், மற்றவருக்குப் பாதியான 42 மாதம். மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது இல்லை. கைதியே இழுத்தடித்த நாட்கள் கழிக்கப்படும். அரசு வழக்கறிஞரைக் கேட்டபின் காரணம் எழுதிக் காவலை நீட்டிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சிறைப் பதிவேட்டில் "முன் வழக்கு உண்டு" என்றிருந்தால் முதல் முறைக் குற்றவாளி இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சட்டம் கேட்பது முன் தண்டனை. ஆனால் வேறு வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் 479(2) குறுக்கே வரும். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று: பாதிக் காலம் முடிந்தவருக்குச் சட்டம் ஜாமீன் என்கிறது, மூன்றில் ஒரு பங்கு முடிந்தவருக்குப் பத்திரம் என்கிறது. பி.என்.எஸ்.எஸ். வரையறைப்படி பத்திரம் என்றால் ஜாமீன்தார் வேண்டியதில்லை, சொந்தப் பிணை போதும். விண்ணப்பத்தில் இதை எழுதாமல் விட்டால் வழக்கம்போல இரண்டு ஜாமீன்தார் என்று உத்தரவு வரும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்குகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஒருவர் உள்ளேயே இருக்கிறார். ஜாமீன்தார் கிடைக்கவில்லை.

ஏழாவது நாளிலேயே மணி அடித்திருக்க வேண்டிய விஷயம். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, ஜாமீன் உத்தரவின் மின்நகல் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும், தேதி இ-பிரிசன்ஸ் என்ற சிறைக் கணினிப் பதிவில் ஏற வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். செயலாளர் தன்னார்வலரையோ நன்னடத்தை அலுவலரையோ அனுப்பிக் குடும்ப நிலை அறிக்கை வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தில் வைக்கலாம். ஒரு மாதம் தாண்டினால் நீதிமன்றமே தானாக எடுத்துப் பார்க்கலாம்.

"உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும்" என்று திருப்பி அனுப்பினால் 1978-இன் மோதி ராம் தீர்ப்பைக் காட்டுங்கள். மோதி ராம் என்ற அந்தக் கொத்தனாரின் சகோதரர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்றுதான் பிணையை மறுத்தார்கள். அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். பணம்தான் தடை என்றால் மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் பண உதவி கேட்கலாம். போதைப் பொருள், ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு இது கிடையாது.

விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்கு எக்செல் பட்டியல் தயாரிக்கிறோம். ஒரு கைதிக்கு ஒரு வரி போதுமா?

போதாது. ஒரு வழக்குக்கு ஒரு வரி. உள்ளே இருப்பவரை இன்னொரு காவல் நிலையம் பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) கொண்டுபோய் முறைப்படி கைது காட்டி ரிமாண்ட் செய்யும் நாளில்தான் அந்த வழக்கின் நாள் ஓடத் தொடங்கும். வாரண்ட் சிறைக்கு வந்து சேர்ந்ததாலேயே ஓடாது. ஒரே வரியில் எழுதினால் பழைய தேதியே எல்லா வழக்குக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். தேதியை எழுத்தாக அடிக்காமல் தேதி வடிவத்தில் அடியுங்கள், இல்லாவிட்டால் 60-ஆவது நாளைச் சூத்திரம் தவறாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது.

நான் ரிமாண்ட் வக்கீல். நடுவர் முன் எனக்குக் கிடைப்பது சில நிமிடம். எதை முதலில் பார்ப்பது?

கைதான நேரமும் ஆஜர்படுத்திய நேரமும் 24 மணிக்குள் இருக்கிறதா, கைதுக்கான காரணம் எழுத்தில் கொடுக்கப்பட்டதா, மருத்துவச் சான்றில் உள்ள காயமும் உடம்பில் உள்ள காயமும் ஒத்துப்போகிறதா, வயது பதினெட்டு ஆகிவிட்டதா. ஏழாண்டு வரையிலான குற்றம் என்றால் கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுத வேண்டும் என அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) கேட்கும் காரணப் பட்டியல் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். "மேற்படி நபர் தலைமறைவாகக்கூடும்" என்ற ஒற்றை அச்சு வரிதான் இருக்கிறது என்றால், உங்கள் ஆட்சேபணையை உத்தரவிலேயே பதிவு செய்யக் கேளுங்கள்.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

வந்தவர் எண்ணிக்கையையும் புகைப்படத்தையும் விடுங்கள். பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் வைத்து இரண்டு எண் எடுங்கள்: 61-ஆம் அல்லது 91-ஆம் நாளிலேயே மனு போன வழக்குகள் எத்தனை, ஜாமீன் உத்தரவுக்கும் வாசல் தாண்டிய நாளுக்கும் இடைவெளி எத்தனை நாள். இரண்டும் சிறைப் பதிவேட்டிலும் நீதிமன்ற டைரியிலும் ஏற்கெனவே இருக்கின்றன.