சுவரை இடிச்ச வீட்டுச் சபை

அன்புள்ள அண்ணா,
ஆதி சபை வீடுகள்லதான் கூடுச்சு, மேடை கிடையாது, எல்லாரும் சமம், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்து கட்டடம் வந்தப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சுன்னு எங்க ஜெபக்கூட்டத்துல சொல்றாங்க. சரிதானா?

அன்புள்ள தம்பி,
பாதி சரி. வீட்ல கூடினது உண்மை, பைபிள்ல ரோமர் நிருபத்தோட கடைசி அதிகாரத்துலயே பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்ல கூடுற சபைக்கு பவுல் வாழ்த்து சொல்றாரு. ஆனா வீடுன்னாலே சமம்னு எப்படி முடிவு பண்றாங்கன்னு தெரியல, வீடுன்னா வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருப்பாருல்ல. 1 கொரிந்தியர் 11 எடுத்துப் படிங்க. கர்த்தருடைய பந்தின்னு, அதாவது இயேசுவ நினைச்சு சேர்ந்து சாப்பிடுற விருந்துக்குன்னு கூடிட்டு சிலபேர் முன்னாடியே சாப்பிட்டு குடிச்சு போதையில இருக்காங்க, சிலபேர் பசியோட நிக்கிறாங்க, பவுலுக்கு கோவம் வந்து சாப்பிட உங்களுக்கு வீடு இல்லையான்னு கேக்குறாரு. அப்ப ஞாயிறு லீவெல்லாம் இல்ல, கி.பி. 321லதான் கான்ஸ்டன்டைன் அத ஓய்வுநாள் ஆக்கினாரு, அதனால அடிமையும் கூலிக்காரனும் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள வசதியானவங்க பாத்திரத்த காலி பண்ணியிருப்பாங்கன்னு நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது.

மேடை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். சிரியாவுல யூப்ரடீஸ் கரையில துரா யூரோப்போஸ்னு ஒரு ஊரு, அங்க 240 வாக்குல ஒரு சாதாரண வீட்ட எடுத்து ரெண்டு ரூமுக்கு நடுவுல இருந்த சுவர இடிச்சு ஒரே ஹாலாக்கி, ஒரு ஓரத்துல சின்ன மேடையும் போட்டிருக்காங்க, கான்ஸ்டன்டைன் பிறக்க இன்னும் முப்பது வருஷம் இருக்கு அப்போ! ஹால்ல எழுபது பேர் இருக்கலாம். இன்னொரு ரூம்ல ஞானஸ்நானத் தொட்டி, சுவத்துல நல்ல மேய்ப்பன், படுக்கைய தூக்கிட்டுப் போற திமிர்வாதக்காரன்னு ஓவியங்க. அதே மதிலோரத் தெருவுல இருந்த யூத ஜெப ஆலயமும் வீட்ட மாத்திக் கட்டினதுதான். 256ல பாரசீகப் படை ஊரப் பிடிச்சுச்சு, அதுக்கு முன்னாடி மதில பலப்படுத்த ரோமர்கள் அந்தத் தெருவையே மண்ணு கொட்டி மூடுனதாலதான் ரெண்டும் நமக்கு மிஞ்சுச்சு.

கட்டடத்த விட சேர்ந்து சாப்பிடுற சாப்பாடு போனதுதான் எனக்கு பெரிய இழப்பா தெரியுது. 112 வாக்குல பிளினின்னு ஒரு ரோம ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதுறாரு, இவங்க விடியறதுக்கு முன்ன கூடி பாடிட்டு கலைஞ்சு போய், திரும்ப சாப்பிடக் கூடுவாங்கன்னு. 150கள்ல ஜஸ்டின்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு ஆராதனைய விவரிக்கிறப்போ வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பம், திராட்சரசம்னு வருது, முழுச் சாப்பாடு வரல. ஆனா ஒண்ணு, வர முடியாதவங்களுக்கு சபை ஊழியர்களான டீக்கன்மார் வீட்டுக்கே அப்பத்த கொண்டுபோய் குடுத்திருக்காங்க.

அன்புடன்,
அண்ணன்