மடியில் வைத்த பை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மகன் வீட்டில் சில காலம் தங்குவதற்காக லண்டன் சென்று, அண்மையில்தான் கோவில்பட்டி திரும்பினேன். அங்கே பேருந்துகள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஊருக்கு வந்து மதுரைப் பேருந்தில் ஏறி, நடத்துநர் “உள்ளே போங்க அண்ணாச்சி” என்று அதட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு ஊர்ப் பேருந்துகளிலும் பயணித்தவர் நீங்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றியதுண்டா?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

தோன்றியதுண்டு, பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்த நாட்களில்.

மதுரையில் பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்தவள் நான். நின்றுகொண்டிருக்கும் மாணவி, முன்பின் அறியாத ஒரு பெண்ணின் மடியில் கேட்காமலேயே புத்தகப் பையை வைத்துவிடுவாள். முன்படியில் ஏறியவரின் காசு நான்கைந்து கைகள் மாறி நடத்துநரிடம் போய்ச் சேரும். சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியாகத் திரும்பி வரும். அதில் காசு குறைந்து நான் பார்த்ததில்லை. லண்டனில் யாருடைய மடியிலும் நான் பையை வைத்ததில்லை, வைக்கத் துணிந்ததுமில்லை.

ஆனால் இந்த நெருக்கத்தைப் பெற்றெடுத்தது நெரிசல். அதே நெரிசலில்தான் நாங்கள் விரலிடுக்கில் சேஃப்டி பின்னை மறைத்துக்கொண்டு நின்றோம் என்பதை, அந்த நாட்களில் பேருந்தில் கல்லூரிக்குப் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். எனவே, உங்களுக்குக் குறையாகப் பட்ட அந்த முகம் பாராமை எனக்கு விடுதலையாகவே இருந்தது. இரவு நெடுநேரம் கழித்து மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் தனியாக அமர்ந்து, யார் பார்வையும் மேலே படாமல் வீடு திரும்பும் சுகத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அங்கே பேச்சு குறைந்ததற்குக் காரணம் மனங்களின் இறுக்கம் மட்டுமன்று. சீட்டுக் கொடுக்கும் நடத்துநர் ரூட்மாஸ்டர் என்ற பழைய மாடிப் பேருந்துகளோடு 2005-இல் விடைபெற்றுவிட்டார். 2014 முதல் பேருந்துகளில் ரொக்கமும் வாங்குவதில்லை. அட்டையைக் காட்டிவிட்டு அமர்கிறவருக்கு வாய் திறக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. லண்டனுக்கு வெளியே, முன்கதவு ஒன்றே உள்ள வண்டிகள் ஓடும் சிற்றூர்களில், இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நம் ஊரில் ஓட்டுநருக்கு நன்றி சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. (நானும் சொன்னதில்லை, சொன்னால் அவர் திடுக்கிட்டுப்போவார்.)

என்னை அங்கே உண்மையில் அசைத்தது வண்டியின் படி. நிறுத்தத்தில் வண்டியே நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்து தாழ்கிறது. நடுக்கதவிலிருந்து சாய்தளம் நீண்டு வந்து சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்கிறது. மூட்டுவலிக்காரியான என் தாயார், நம் ஊர்ப் பேருந்தின் முதல் படிக்கு அஞ்சியே கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியவர். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று ஆனபோது மிகவும் மகிழ்ந்தவரும் அவர்தான். காசை மிச்சம்பிடிக்க வெயிலில் நடந்த தலைமுறை அல்லவா? காசு தடையாக இல்லாமல் போன பின்னும் படி தடையாகவே இருந்தது.

இருந்தாலும் உங்கள் நடத்துநரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லண்டனில் பதிவுசெய்த குரல் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் பிழையின்றிச் சொல்கிறது. ஆனால் எழுத்தறியாத கிழவியின் ஊரை நினைவில் வைத்திருந்து, “ஆத்தா, இறங்குங்க, ஒங்க ஊரு வந்திருச்சு” என்று எழுப்பிவிடுவது அதற்குத் தெரியாது. சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. அவை உங்கள் கோவில்பட்டிக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்போது நடத்துநரும் கூடவே இருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி.