ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் ஏன் திரும்பத் திரும்ப அறுகிறது? கேள்வி பதில்

ஸ்டீரிங்கைத் திருப்புவதைச் சக்கரம் திரும்பும் அசைவாக மாற்றும் பெட்டிதான் ஸ்டீரிங் பாக்ஸ். அதை சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டமான ஃபிரேமோடு, பிடித்து நிறுத்தும் போல்ட்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். தனி ஃபிரேம் வைத்த ஜீப், பிக்அப், லாரி மாதிரி வண்டிகளை மனதில் வைத்துத்தான் எல்லாமே.

கேள்வி: அண்ணா, ஸ்டீரிங் பாக்ஸில் நான்கு போல்ட். அதில் ஒன்று ஆறு மாதத்தில் இரண்டு முறை அறுந்துவிட்டது. முதலில் 8.8 கிரேடு (வலிமையைக் குறிக்கும் எண்) இருந்தது, 10.9 வாங்கிப் போட்டேன். அதுவும் போய்விட்டது. 12.9 போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது தம்பி. புதுசு வாங்குவதற்கு முன் அறுந்த துண்டைக் கையில் எடுங்கள். உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும், குளத்தில் கல் போட்டால் எழும் அலை மாதிரி வளைந்த கோடுகளோடும் இருக்கும். மிச்சப் பகுதி உடைத்த வெல்லக்கட்டி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அப்படி இருந்தால் அந்த போல்ட் ஒரே அடியில் அறவில்லை. நாள் கணக்கில் முன்னும் பின்னும் வளைந்து, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் மிச்சமிருந்த இரும்பு தாங்காமல் விட்டிருக்கிறது. இதைத்தான் ஃபெட்டீக் என்கிறோம்.

போல்ட் ஏன் வளைகிறது? ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட்டின் உடம்பில் தொங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீள்கிறது, நீண்ட போல்ட் பாக்ஸையும் ஃபிரேமையும் சேர்த்து நெரிக்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்த நெரிப்பில் பிறக்கும் உராய்வு. எம்12 அளவு, அதாவது 12 மில்லிமீட்டர் விட்டம் உள்ள, 10.9 போல்ட்டைச் சரியாக இறுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 5 டன் விசையில் நெரிக்கும். நான்கு போல்ட் சேர்ந்தால், பாக்ஸை மூன்று டன் விசையில் பக்கவாட்டில் தள்ளினாலும் அது நகராது. நகராத வரை போல்ட்டுக்கு வளைகிற வேலையே இல்லை. பிடி தளர்ந்துவிட்டால், வண்டியை நிறுத்தி ஸ்டீரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பாக்ஸ் ஒரு மயிரிழை நகரும், போல்ட் வளையும்.

கிரேடு ஏறினால் இழுவைத் தாங்கும் திறன் ஏறும். மரை உள்ள இடத்தில் ஃபெட்டீக்கைத் தாங்கும் திறன் பெரிதாக ஏறாது. அதனால்தான் 10.9-ம் போய்விட்டது. இன்னொன்று, 10.9-ஐ எத்தனை டார்க்கில் (ரெஞ்சால் முறுக்கும் அளவு) இறுக்கினீர்கள்? பழைய 8.8-க்கு இறுக்கிய அதே அளவு என்றால், கிடைக்கும் பிடியும் அதே பழைய பிடிதான். பாக்ஸைக் கழற்றி, ஃபிரேம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று அறுந்த பிறகு மற்ற மூன்றும்தான் அதன் பாரத்தையும் சுமந்திருக்கின்றன.

கேள்வி: போல்ட் தலையில் இருக்கும் 8.8, 10.9 எல்லாம் என்ன கணக்கு?

பதில்: முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை, மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பிறகு வரும் எண், அதில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. 8.8 என்றால் 800, அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640. 10.9 என்றால் 1000, அதில் 900. அங்குல அளவு போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும்: மூன்று கோடு கிரேடு 5, கிட்டத்தட்ட 8.8. ஆறு கோடு கிரேடு 8, கிட்டத்தட்ட 10.9.

எண்ணோடு கூட, தயாரித்தவரின் முத்திரையும் தலையில் இருக்க வேண்டும். எண் மட்டும் இருந்து முத்திரை இல்லாத போல்ட்டை ஸ்டீரிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 1980-களில் அமெரிக்காவில் ஆறு கோடு போட்ட மட்ட போல்ட்கள் சந்தையில் கலந்துவிட்டன. அதற்காகவே 1990-ல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. தலையில் கோடு அடிப்பது யாருக்கும் கடினமில்லை. அதனால் எதை வாங்குகிறோம் என்பதைவிட யாரிடம் வாங்குகிறோம் என்பதில் நான் கூடுதல் கவனமாக இருப்பேன்.

நட்டையும் பாருங்கள். 10.9 போல்ட்டுக்கு 10 என்று அடித்த நட். வாஷரும் கடினப்படுத்தியதாக இருக்க வேண்டும். மெல்லிய சாதா வாஷர் போல்ட் தலைக்கு அடியில் அமுங்கிவிடும், அமுங்கிய அளவுக்குப் பிடி போய்விடும்.

கேள்வி: துரு பிடிக்காமல் இருக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா?

பதில்: இந்த இடத்தில் வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நீள ஆரம்பித்துவிடும், 8.8-க்கே அது ஈடில்லை. இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு.

கேள்வி: வெள்ளை முலாம் பூசிய 12.9 ஆலன் போல்ட் போட்டேன். யாரும் தொடாமலேயே மறுநாள் தலை தனியாக விழுந்து கிடந்தது. இது எப்படி சார்?

பதில்: முலாம் பூசும்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடுகிறது. கடினம் அதிகமான இரும்பில் அது உள்ளேயே தங்கி, இழுவிசையில் இருக்கும் இடத்துக்கு மெல்ல நகர்ந்து, சில மணி நேரத்திலோ சில நாளிலோ போல்ட்டை நொறுக்கிவிடும். 12.9-க்கு இந்த ஆபத்து அதிகம், 10.9-க்குக் குறைவு. 12.9 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முலாம் பூசாத, எண்ணெய்க் கறுப்பு 10.9 போட்டு, மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் வாஷர் போட்டும் நட் கழன்றுவிடுகிறதே?

பதில்: ஜெர்மனியில் ஜங்கர் என்ற பொறியாளர் 1969-லேயே காட்டிய விஷயம் இது. இணைப்பு பக்கவாட்டில் நகர்ந்தால் நட் தானாகவே திரும்பிக் கழலும், ஸ்பிரிங் வாஷரால் அதைத் தடுக்க முடியாது. முழுதாக இறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகிவிடுகிறது, அதற்கப்புறம் அது சாதா வாஷர்தான். இரும்பாலேயே செய்த லாக் நட், அல்லது ஆப்பு வடிவப் பற்கள் கொண்ட இரட்டை வாஷர், அல்லது நடுத்தர வலிமை மரைப்பசை (மரையில் தடவினால் இறுகி நட்டைப் பிடித்துக்கொள்ளும் பசை), மூன்றில் ஒன்று போடுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வேண்டாம், சுமார் 120 டிகிரிக்கு மேல் அந்த நைலான் தாங்காது. ஆனால் நகர்வு இருந்துகொண்டே இருந்தால் நட்டைக் கழலாமல் பூட்டி என்ன பயன்? நட் அப்படியே நிற்கும், போல்ட் அறும்.

கேள்வி: (முதல் கேள்வி கேட்டவர்) அண்ணா, கழற்றிப் பார்த்துவிட்டேன். ஃபிரேம் பெட்டி மாதிரி நான்கு பக்கமும் மூடியது. போல்ட் இரண்டு சுவரையும் தாண்டிப் போகிறது, நடுவில் ஒன்றுமில்லை. வெளிச்சுவர் உள்ளே குழிந்திருக்கிறது. போல்ட் ஓட்டையைச் சுற்றிச் செம்மண் மாதிரி பொடி.

பதில்: நோய் கிடைத்துவிட்டது தம்பி. அந்தச் செம்பொடி, இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்ததால் வருவது. பாக்ஸ் நகர்ந்துகொண்டே இருந்ததற்குச் சாட்சி அதுதான். நடுவே வெறுமையாக இருக்கும் ஃபிரேமை நீங்கள் இறுக்க இறுக்க, போல்ட் நீள்வதற்குப் பதில் சுவர் உள்ளே வளைகிறது. டார்க் ரெஞ்ச் வைத்த அளவு எட்டிவிட்டதென்று 'கிளிக்' சொல்லும், பிடி இருக்காது. வண்டி ஓட ஓடச் சுவர் இன்னும் குழியும், இருந்த கொஞ்சப் பிடியும் போகும்.

உள்ளே குழாய் வைக்க வேண்டும். போல்ட் தாராளமாக நுழையும் உள்விட்டம், தடிமனான சுவர், நீளம் இரண்டு வெளிமுகங்களுக்கும் சரியாக. ஃபிரேம் ஓட்டையைக் குழாயின் வெளிவிட்டத்துக்குப் பெரிதாக்கி, குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் சுற்றி வெல்ட் வைத்து, மேடு தெரியாமல் தேய்த்துவிடுங்கள். குழிந்த சுவரை முதலில் நேராக்க மறக்க வேண்டாம். இப்போது போல்ட் குழாயை நெரிக்கும், சுவரை அல்ல.

பாக்ஸ் உட்காரும் முகத்தில் பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். இது ஏதோ சுத்தம் பார்க்கிறவன் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 60 மில்லிமீட்டர் பிடிநீளம் (போல்ட் நெரித்துப் பிடிக்கும் மொத்தத் தடிமன்) உள்ள எம்12 போல்ட், முழு இறுக்கத்தில் நீள்வது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பெயிண்ட் 0.05 நசுங்கினால் மூன்றில் ஒரு பங்கு பிடி காணாமல் போய்விடும். 15 மில்லிமீட்டர் பிடிநீளம் உள்ள குட்டை போல்ட் என்றால் அந்த நசுங்கலே எல்லாப் பிடியையும் தின்றுவிடும். நீளமான போல்ட் நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: எம்12-க்கு எவ்வளவு டார்க்? கிரீஸ் தடவலாமா?

பதில்: வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதுதான் முதல் கணக்கு. அது கிடைக்காவிட்டால், உலர்ந்த மரைக்கு 8.8 என்றால் 85 முதல் 90 நியூட்டன் மீட்டர், 10.9 என்றால் 120 முதல் 125. கிரீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். தடவுவதாக இருந்தால் டார்க்கைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். போல்ட் பாக்ஸின் மரையிலேயே ஏறும் வகை என்றால், அடியில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினாலும் ரெஞ்ச் 'கிளிக்' சொல்லும்.

கேள்வி: ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. பெரிய போல்ட் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பாக்ஸ் பக்கத்து ஓட்டை அதே பழைய அளவில்தானே இருக்கிறது, பெரிய போல்ட் அதில் எப்படி நுழையும்? மேலே சொன்ன குழாய் வைத்தியம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: பெரிய டயர் மாற்றியதிலிருந்து பாக்ஸ் பக்கத்து ஃபிரேமில் விரிசல். வெல்ட் வைத்தால் போதுமா ஐயா?

பதில்: விரிசல் மேல் மட்டும் வெல்ட் வைத்தால், வெல்டின் ஓரத்திலேயே மறுபடி விடும். 1973 முதல் 1987 வரை வந்த செவ்ரலே நான்கு சக்கர இழுவை பிக்அப்களில் இதே இடத்தில் விரிசல் விடுவது உலகறிந்த விஷயம். விரிசலின் நுனியைத் தேடிப்பிடித்துச் சின்ன ஓட்டை போடுங்கள், அதற்குமேல் அது ஓடாது. விரிசல் நெடுக வி வடிவில் தேய்த்து, ஆழமாக வெல்ட் வைத்து, மேலே தகடு ஒட்டுங்கள். தகட்டின் முனை நேராக வெட்டியதாக இருக்கக்கூடாது, சாய்வாகக் குறுகி முடிய வேண்டும். ஃபிரேமின் குறுக்கே நேர்கோட்டில் வெல்ட் ஓடினால் அடுத்த விரிசல் அங்கேதான். பாக்ஸைக் கழற்றிவிட்டு வெல்ட் வையுங்கள், இல்லையென்றால் சூட்டில் ஆயில் சீல் கருகும். பாட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்க ஃபிரேமோடு பாக்ஸை இணைக்கும் தாங்கு கம்பி கிடைத்தால் பெரிய டயருக்குக் கட்டாயம் போடுங்கள்.

கேள்வி: கழற்றாமல் சோதிக்க வழி?

பதில்: வண்டியைத் தரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பட்டும். நீங்கள் கைகளை அசையும் கம்பிகளிலிருந்து விலக்கி, டார்ச் அடித்து, பாக்ஸும் ஃபிரேமும் சேரும் கோட்டை மட்டும் பாருங்கள். அங்கே எந்த அசைவும் தெரியக்கூடாது. நட்டிலிருந்து ஃபிரேம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நட் திரும்பியது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். புது போல்ட் போட்ட முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை டார்க்கைச் சரிபாருங்கள். மரைப்பசை போட்டிருந்தால் மட்டும் கோட்டைப் பார்த்தால் போதும், ரெஞ்ச் வைக்க வேண்டாம், ஒட்டியது விட்டுவிடும்.

கேள்வி: வழியில் ஒரு போல்ட் அறுந்தால், மற்ற மூன்றை நம்பி மெதுவாக வீடு போய்ச் சேரலாமா?

பதில்: கூடாது. அந்த மூன்றிலும் எத்தனை ஆழத்துக்கு விரிசல் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.