படுக்கையில் தூக்க முடிகிற கால், நாற்காலியிலிருந்து எழ ஏன் உதவுவதில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் பாதிக்கப்பட்டது. படுத்திருக்கும்போது வலது காலை நன்றாகத் தூக்குகிறார், மடக்கி நீட்டுகிறார். ஆனால் நாற்காலியிலிருந்து எழ, யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது காலை வெளிப்பக்கமாக வீசி வைக்கிறார். பலம் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: கையைப் பிடித்து இழுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுக்க இழுக்க மூட்டு நழுவி, தோள்வலி நிரந்தரமாகத் தங்கிவிடலாம். எழுவதற்கும் அந்த இழுப்பு உதவாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு காலின் எடை, உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் படுத்தபடி தூக்குவது 10 கிலோதான். எழும்போது கிட்டத்தட்ட முழு உடம்பையும் கால்கள் மேலே தள்ள வேண்டும், அதுவும் ஓரிரு நொடிகளுக்குள். பக்கவாதத்தில் அடிபடுவது மூளை, தசை சாவதில்லை. ஆனால் மூளையின் கட்டளை குறைவாகவும் தாமதமாகவும் வந்து சேர்வதால், தசையில் பலம் மெல்லத்தான் திரள்கிறது. படுக்கையில் அவசரம் இல்லை, சமாளித்துவிடலாம். எழும் நொடியில் வலது கால் தயாராவதற்குள் இடது கால் வேலையை முடித்துவிடுகிறது. அதுவே பழக்கமானால், வேலையில்லாத கால் மேலும் மெலியும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். எடை பார்க்கும் கருவியை வலது பாதத்துக்கு அடியிலும், அதே உயரமுள்ள பலகையை இடது பாதத்துக்கு அடியிலும் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்க, அவரை நிற்கச் சொல்லுங்கள். 60 கிலோக்காரருக்குக் கருவி 30-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 15, 20 என்று காட்டினால் சுமையை எந்தக் கால் சுமக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் பயிற்சி, எழுவதேதான். படுத்துக்கொண்டு காலைத் தூக்குவதில் தேறியவர் காலைத் தூக்குவதில்தான் தேறியிருப்பார். கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். உயரம் கூடினால் தொடைக்குச் சுமை குறையும். இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். வலது பாதம் இடது பாதத்தைவிட ஓரங்குலம் பின்னால் இருக்கட்டும். இந்தச் சின்ன மாற்றம்தான் வலது காலை வேலைக்கு இழுக்கிறது. முன்னால் நீட்டிய கால் எப்போதும் தப்பித்துக்கொள்ளும்.

பிறகு, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு பின்னுக்கு இழுக்கும். நீங்கள் கையைப் பிடித்து மேலே இழுத்தால் அந்த முன்சாய்வு கெட்டுப்போகிறது. வலது பக்கத்தில், சற்று முன்னால் அமர்ந்து, அவர் முழங்கால் மடங்கிவிடாதபடி கையால் தாங்கினால் போதும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி மெல்ல இறங்கட்டும். தொடைத் தசைக்கு நல்ல வேலை அது. எட்டு, பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. சுலபமானால் இருக்கையைத் தாழ்த்துங்கள்.

பாதத்தைப் பின்னால் இழுத்ததும் குதிகால் தரையைவிட்டு எழும்புகிறதா? கெண்டைக்கால் தசை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதை நீட்டிவிடும் பயிற்சி தேவை. உடற்பயிற்சியால் இறுக்கம் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய பயம் அது. வலுவூட்டும் பயிற்சியால் இறுக்கம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

காலை வீசி வைப்பதற்கு அலட்சியம் காரணமல்ல. முழங்கால் போதுமான அளவு மடங்காமலும் பாதம் மேலே தூக்காமலும் இருப்பதால், தரையில் இடறாமல் இருக்க உடம்பே கண்டுபிடித்த சுற்றுவழி அது. ‘ஒழுங்காக நட’ என்று அதட்டினால் மாறாது. கணுக்காலைத் தாங்கும் பட்டை பொருந்துமா என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். ஊன்றுகோல் இடது கையில்தான் இருக்க வேண்டும்.

நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று கவலை வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி என்று வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். 25 நொடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் மட்டும் நடக்கும் நிலை. 12 நொடியை நெருங்கினால் தெருவில் நடக்கலாம்.

பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் தலைசுற்றினால் உட்காரவைத்து, தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.