கடற்பகுதித் திட்டமிடலில் தொடர்புடையோரை ஏன் சேர்க்க வேண்டும்?

கடலில் எங்கே மீன்பிடிக்கலாம், எங்கே கப்பல்கள் செல்லலாம், எந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும் என முன்கூட்டியே வகுப்பதே கடற்பகுதித் திட்டமிடல். அந்த முடிவால் யாருடைய பிழைப்பு மாறுமோ அவர்களே தொடர்புடையோர். ‘பங்குதாரர்’ என்று எழுதுவோரும் உண்டு. அது முதல் போட்டவர்களை மட்டுமே நினைவூட்டுவதால் நான் தவிர்க்கிறேன்.

அவர்களை அழைப்பது வெறும் மரியாதைக்காக அன்று. இறால் எந்தப் பருவத்தில் எந்தச் சேற்றுத் திட்டில் கூடும் என்பதை எந்த வரைபடமும் காட்டாது. மலேசியாவின் பினாங்குத் தீவின் தென்கரை மீனவருக்கு அது தெரியும். அக்கரையை ஒட்டி மூன்று தீவுகளை உருவாக்கும் திட்டத்துக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் ஒப்புதல், மீனவர்களின் மேல்முறையீட்டால் 2021இல் ரத்தானது. 2023இல் திட்டம் ஒரே தீவாகச் சுருங்கியது. தாமதமாகக் கேட்கப்படும் குரல் வழக்காகவே வந்து சேர்கிறது. மாறாக, ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பகுதியில் 31,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கருத்துகளைப் பெற்ற பின்னரே, 2004இல் மீன்பிடித் தடைப்பகுதி ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

கடலைப் பலர் பகிர்வதைப் புரிந்துகொள்ள, பினாங்கின் தண்ணீர்மலைத் தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். இரதம், காவடிகள், தண்ணீர்ப் பந்தல்கள், ஆம்புலன்ஸ் அனைத்துக்கும் ஒரே சாலைதான்; பந்தல் போடுவோரைக் கேட்காமல் வழி வகுத்தால், காவடி எடுப்பவர் நடுச்சாலையில் நெரிசலில் நிற்க நேரும்.

கலந்தாலோசிப்பது என்றால் எல்லாருக்கும் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று பலர் தவறாகக் கருதுகின்றனர்; முடிவெடுக்கும் பொறுப்பு அரசிடமே இருக்கும், ஆனால் ஒரு கோரிக்கை ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கு அது காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.