கார் நிறுவனங்கள் சில, தங்கள் வாகனங்களைப் பந்தய வீடியோ கேம்களில் இடம்பெற விடாதது ஏன்?

உலகமே அறிந்த ஒரு நிறுவனத்தின் கார்கள் ஒரு பந்தய விளையாட்டில் மட்டும் காணாமல் போவது ஏன், தானாகத் தேடிவரும் விளம்பரத்தை எந்த நிறுவனமாவது வேண்டாம் என்று தள்ளுமா என்பது கேள்வி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விளையாட்டுகளை ஆடிவருபவன், அவற்றுக்குப் பின்னால் உள்ள உரிமச் சிக்கல்களையும் அக்கறையோடு படித்துவருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சமயங்களில் நிறுவனம் விளையாட்டை வெறுத்ததால் கார் விடுபடுவதில்லை. வேறொருவருக்கு "உங்களுக்கு மட்டும்" என்று ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டதால்தான் விடுபடுகிறது. நற்பெயர் குறித்த அச்சம், விபத்துக் காட்சிகள் மீதான தயக்கம் ஆகியவையும் உண்மையே. ஆனால் அவை காரை வெளியே நிறுத்துவதைக் காட்டிலும், உள்ளே வந்த காருக்கு நிபந்தனை விதிப்பதில்தான் அதிகமாக வெளிப்படுகின்றன.

இதற்குப் போர்ஷேயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2000ஆம் ஆண்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் தன் நீட் ஃபார் ஸ்பீட் பந்தய விளையாட்டு வரிசையில் முழுக்க முழுக்கப் போர்ஷே கார்களை மட்டுமே வைத்து ஒரு விளையாட்டை வெளியிட்டது. வீடியோ கேம்களில் போர்ஷேயைப் பயன்படுத்தும் தனியுரிமை, அதாவது வேறு யாருக்கும் தராத உரிமை, 2016ஆம் ஆண்டுவரை அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. மற்றவர்கள் போர்ஷேயைச் சேர்க்க விரும்பினால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் துணை உரிமம் பெற வேண்டும். அதாவது தங்கள் போட்டியாளரிடமே போய்க் கேட்க வேண்டும்.

சோனியின் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 4 ஆடிய நாள்களில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கார்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒரு மஞ்சள் கார் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. வட்டமான முன்விளக்குகள், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் இன்ஜின் என்று எல்லா வகையிலும் அது போர்ஷே 911 போலவே இருந்தது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று கால் எடுத்தால் பின்பகுதி வெளியே வீசுகிற அந்தக் குணமும் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் ரூஃப் என்றிருந்தது. ரூஃப் என்பது போர்ஷேயின் வெற்றுக் கூட்டை எடுத்து அதன்மேல் தன் சொந்தக் காரைக் கட்டுகிற ஒரு சிறிய ஜெர்மன் நிறுவனம் என்பதும், ஜெர்மன் அரசு அதை 1981 முதல் தனித்த கார் உற்பத்தியாளராகவே அங்கீகரித்திருக்கிறது என்பதும் பின்னாளில்தான் தெரிந்தன. அந்த அங்கீகாரம் இருந்ததால், போர்ஷேயின் பெயரைத் தொடாமலே 911இன் உருவத்தைத் திரைக்குக் கொண்டுவர மற்ற நிறுவனங்களால் முடிந்தது. ரூஃப் 1987இல் கொண்டுவந்த அந்த மஞ்சள் சி.டி.ஆர் காரின் பெயரை எத்தனையோ பேர் விளையாட்டின் வழியாகத்தான் முதலில் கேள்விப்பட்டிருப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

2011 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் பந்தய விளையாட்டான ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 4 வந்தபோது, அதற்கு முந்தைய பாகத்தில் இருந்த போர்ஷே கார்கள் அதில் இல்லை. துணை உரிமம் குறித்து அப்போது உடன்பாடு ஏற்படவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டதும், போர்ஷே கார்கள் தனிக் கூடுதல் தொகுப்பாக வந்து சேர்ந்தன. இந்த ஏழெட்டு மாத இடைவெளியில் பந்தய விளையாட்டுகளைப் பற்றிய போர்ஷேயின் கருத்து மாறிவிடவில்லை. மாறியது இரண்டு மென்பொருள் நிறுவனங்களுக்கு இடையே இருந்த ஒப்பந்த நிலை மட்டுமே. தனியுரிமை முடிந்தபின் 2017இல் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 7 ஆகிய இரண்டிலும் போர்ஷே இடம்பெற்றது.

ஒரு கார் நிறுவனம் இப்படி ஒருவருக்கே உரிமையை எழுதிக்கொடுக்க ஏன் சம்மதிக்கிறது என்று கேட்கலாம். பணம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்பார்வை அதைவிட முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். உரிமம் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. உருவம் சரியாக இருக்கிறதா, நிறம் நிறுவனத்தின் நிறப்பட்டியலோடு பொருந்துகிறதா, சக்கரமும் சின்னமும் உரிய இடத்தில் இருக்கின்றனவா, விளம்பரப் படத்தில் கார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்து ஒப்புதல் அளிக்க ஆள் வேண்டும். பத்து விளையாட்டுகளுக்குக் கொடுத்தால் பத்து இடங்களில் இதைச் செய்ய வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் ஓரிடத்தில் செய்தால் போதும். கார் விற்பதே தொழிலாக உள்ள நிறுவனத்துக்கு இது அற்பக் கணக்கு அல்ல.

இவ்விடத்தில் இன்னொரு கேள்வியும் எழும். உண்மையில் அனுமதி வேண்டுமா? சேகாவின் 1986ஆம் ஆண்டு அவுட்ரன் ஆர்கேட் விளையாட்டில் ஓடிய சிவப்புக் கார், பார்த்தவுடன் ஃபெராரி டெஸ்டரோசா என்று சொல்லும்படி இருந்தும், அது அனுமதி பெற்று வந்ததல்ல. சட்டத்தின் நிலையும் பலர் நினைப்பதுபோல் அவ்வளவு தெளிவானதல்ல. ஆட்டெக் என்ற பொம்மை நிறுவனம் ஜெர்மன் கார் நிறுவனமான ஓப்பலின் மின்னல் சின்னத்தோடு சிறிய ரிமோட் கார்களை விற்றபோது, ஓப்பல் வழக்குத் தொடுத்தது. அது ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்று திரும்பியது. 2010இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், பொம்மை வாங்குவோர் அந்தச் சின்னத்தை அசலின் நுணுக்கமான பிரதியாகத்தான் பார்க்கிறார்களே தவிர, பொம்மையைத் தயாரித்தது ஓப்பல் என்பதற்கான அடையாளமாக அல்ல என்று கூறி, ஓப்பலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் ஹம்வீ ராணுவ வாகனத்தைத் தயாரிக்கும் ஏ.எம். ஜெனரல், தன் அனுமதியின்றிக் கால் ஆஃப் டூட்டி என்ற போர் விளையாட்டுகளில் அந்த வாகனம் காட்டப்பட்டதை எதிர்த்து, அவற்றை வெளியிட்ட ஆக்டிவிஷன் மீது 2017இல் வழக்குத் தொடுத்தது. 2020 மார்ச்சில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், நவீனப் போரை உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுவது கலை நோக்கமே என்று ஏற்று, ஆக்டிவிஷன் பக்கம் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் பந்தய விளையாட்டுகளும் அனுமதியின்றிக் கார்களைச் சேர்த்துவிடலாமே என்று அவசரப்படக் கூடாது. போர் விளையாட்டில் வாகனம் பின்னணியில் ஓடும் பொருள். பந்தய விளையாட்டில் கார்தான் சரக்கே. அட்டைப்படத்தில் நிற்பது அது, பட்டியலிட்டு விற்கப்படுவது அது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விஸ்கி நிறுவனமொன்றுக்கும் நாய்ப் பொம்மை விற்ற நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், அடுத்தவரின் சின்னத்தைத் தன் பொருளின் அடையாளமாகவே பயன்படுத்துவோர் கலைச் சுதந்திரத்தின் பெயரால் எளிதில் தப்ப முடியாது என்று அந்தப் பாதுகாப்பைக் குறுக்கிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறைத் தேவையும் உண்டு. காரின் துல்லியமான வடிவமைப்புத் தரவும், இன்ஜின் ஒலியைப் பதிவுசெய்ய நிஜக் காரும் நிறுவனம் ஒத்துழைத்தால் எளிதில் கிடைக்கும், பகைத்துக்கொண்டால் கிடைக்காது. அதனால்தான் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வலிமை இருக்கிறது.

இனி விபத்துக்கு வருகிறேன். கிரான் டூரிஸ்மோ 4இல் நேர்ச்சாலையின் முடிவில் பிரேக் பிடிக்கத் தவறி, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால், ஒரு மந்தமான ஓசை கேட்கும், கார் சற்றே பின்னுக்குத் துள்ளும், அவ்வளவுதான். முன்பக்க பம்பரில் ஒரு கீறல்கூட இருக்காது. விளக்கின் கண்ணாடி பளபளவென்று அப்படியே இருக்கும். ஓட்டுகிற உணர்வை அவ்வளவு நேர்மையாகத் தந்த ஒரு விளையாட்டு, மோதலில் மட்டும் பொய் சொன்னது எனக்கு அப்போதே உறுத்தியது. கண்ணுக்குத் தெரியும் சேதம் அந்த வரிசையில் 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் சேர்ந்தது. தொழில்நுட்ப வரம்பும் இதற்கு ஒரு காரணம்; ஆனால் உரிமம் கொடுத்த நிறுவனங்களின் தயக்கத்துக்கும் இதில் பெரிய பங்குண்டு.

அந்தத் தயக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. பயணிகள் அமரும் கூண்டு நசுங்காமல் இருப்பதற்காக ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மோதல் சோதனை நடத்துகிறது. அந்தக் கூண்டு எப்படி நசுங்கும் என்பதை ஒரு விளையாட்டு நிறுவனம் தன் வசதிக்கேற்ப முடிவுசெய்து காட்டினால், அது பொறியியல் உண்மை அல்ல என்றாலும் பார்ப்பவர் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே பம்பர் தொங்கலாம், கதவு ஒடுங்கலாம், கண்ணாடி உடையலாம், ஆனால் உள்ளே ஆள் அமரும் இடம் சிதையக் கூடாது, கார் எரியக் கூடாது என்பது போன்ற வரம்புகளுக்குள்தான் உரிமம் பெற்ற கார்கள் சேதமடைகின்றன. மோதலையே இன்பமாக்கிய பர்ன்அவுட் 3, வழிப்போக்கர்மீது ஏற்றினாலும் தடுக்காத கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ போன்றவை நிஜப் பெயரைத் தொடாமல் கற்பனைக் கார்களையே வைத்துக்கொண்டன. அதே சமயம், 1998இல் வந்த காலின் மெக்ரே ராலியில் சுபாரு இம்ப்ரெசா நசுங்கியபடியே ஓடியது. ராலிப் பந்தயத்தில் கார் அடிபடுவது பெருமைக்குக் குறைவானதல்ல. அடிபட்டும் ஓடி முடிப்பதுதான் அங்கே விளம்பரம். அஞ்சுவது சேதத்துக்கு அல்ல, சேதம் நிகழும் சூழலுக்கு என்பது இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

கொள்கையைக் காரணமாகச் சொன்ன நிறுவனம் டொயோட்டா. 2017இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் பேபேக்கிலும், 2018இல் ஃபோர்சா ஹொரைசன் 4 வெளிவந்தபோதும் அதன் வழக்கமான கார்கள் இல்லை. 2019இல் நீட் ஃபார் ஸ்பீட் ஹீட் அறிவிக்கப்பட்ட சமயத்தில் டொயோட்டாவின் பிரிட்டன் பிரிவு, சட்டவிரோதத் தெருப் பந்தயத்தை ஊக்குவிக்காத கிரான் டூரிஸ்மோவில் தங்கள் கார்கள் உள்ளன என்ற பொருளில் சமூக ஊடகத்தில் பதிலளித்தது; பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. வேகத்தை முதன்மைச் செய்தியாக வைத்துக் கார் விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பர விதி உள்ள நாட்டில் இயங்கும் பிரிவு அது. போலீஸ் துரத்தும் விளையாட்டில் தன் சின்னம் தெரிவதை அது விரும்பாததில் வியப்பில்லை. ஆனால் அது மட்டுமே முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டொயோட்டா சுப்ரா ஃபோர்சா ஹொரைசன் 4இல் வருவதாக அறிவிக்கப்பட்டது. அந்த விளையாட்டிலும் பல பந்தயங்கள் ஊர்ச் சாலைகளில்தான் நடக்கின்றன. டொயோட்டா 86 காரின் இரட்டைப் பிறவியான சுபாரு பி.ஆர்.இசட், ஒரே ஆலையில் தயாராவது, ஹீட் விளையாட்டில் தெருத்தெருவாகப் போலீஸை ஏமாற்றி ஓடிக்கொண்டிருந்தது. கொள்கை உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே விளையாட்டோடு நெருக்கமாக இருக்கும் வணிக முடிவும் அதோடு சேர்ந்தே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கடைசியாக, உரிமத்துக்கு ஆயுள் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபோர்சா ஹொரைசன் 4, 2024 டிசம்பர் 15 அன்று விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது; உரிமங்களும் ஒப்பந்தங்களும் முடிவுக்கு வந்ததே காரணம். முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம், புதிதாக வாங்க வழியில்லை.

ஆகவே உங்கள் மனத்தில் இருக்கும் நிறுவனம் எதுவானாலும், முதலில் அதே ஆண்டில் வந்த வேறு பந்தய விளையாட்டுகளில் அதன் கார்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே ஒரு பதிப்பாளரிடம் மட்டும் இருந்தால் தனியுரிமை ஒப்பந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூடிய பந்தயத் தடங்களைக் கொண்ட விளையாட்டுகளில் இருந்து, தெருப் பந்தய விளையாட்டுகளில் மட்டும் இல்லையென்றால், நற்பெயர் குறித்த கவலையைக் காரணமாகக் கொள்ளலாம்.